மைக்கா மேடையில் சிங்க் பதித்து நீர் புகாமல் அடைப்பது: நீலகிரி வீடுகளுக்கான கேள்வி பதில்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்து வாடகை வீடுகளிலும் தங்கும் விடுதிகளிலும் கிரானைட்டுக்குப் பதிலாக, பலகையின் மேல் மைக்கா ஒட்டிய சமையல் மேடைகள் இப்போது பரவலாக வருகின்றன. பார்க்க அழகு, போடச் சுலபம். ஆனால் சிங்க்கைச் சுற்றி ஒரு துளி நீர் உள்ளே போனாலும் ஓரிரு மழைக்காலத்தில் மேடை உப்பிவிடும். சமவெளியில் பழகிய முறையை அப்படியே இங்கே செய்தால் ஏன் பலிப்பதில்லை, என்ன மாற்ற வேண்டும் என்பதுதான் இந்தப் பக்கம். சிங்க்கைச் சுற்றி மேடையின் மீது படியும் தட்டையான ஓரத்தைக் கீழே ‘உதடு’ என்று குறிப்பிடுகிறோம். மேடையில் ஓட்டை வெட்டியதும் தெரியும், பூச்சில்லாத மரப்பகுதி ‘வெட்டு விளிம்பு’.

கிரானைட்டில் வைப்பதுபோல வெள்ளை சிமெண்ட் வைத்து உட்கார வைக்கலாமா?

கூடாது. கிரானைட் அசையாது, அதனால் வெள்ளை சிமெண்ட் அங்கே தாக்குப்பிடிக்கிறது. பலகை அப்படியல்ல. மழையில் ஈரத்தை இழுத்து விரியும், பிப்ரவரி மார்ச்சில் காய்ந்து சுருங்கும். எஃகும் சும்மா இருப்பதில்லை. 60 செ.மீ. நீளமுள்ள எஃகுத் தகடு 12 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 0.7 மி.மீ. நீளும். குளிர்ந்த சிங்க்கில் கொதிக்கும் கஞ்சியை வடிக்கும்போது தொட்டியில் நடப்பது இதுதான். உதடு அவ்வளவு சூடாகாது என்றாலும் அதுவும் அசையும். வெள்ளை சிமெண்டுக்கு இழுபடும் தன்மை கிடையாது. மயிரிழை விரிசல் விழும், அந்த விரிசல் தண்ணீரை உறிஞ்சி உள்ளே அனுப்பும். எம்-சீலும் இதே காரணத்தால் வேண்டாம், அது இறுகியபின் கல் மாதிரி. ரப்பர் போல இழுபட்டு மீளும் சிலிகான்தான் இந்த இடத்துக்குப் பொருத்தம்.

மேலே சிலிகான் ஓட்டியும் மேடை உப்பிவிட்டது. தண்ணீர் எங்கே இறங்கியது?

வெட்டு விளிம்பில். மைக்கா 1 மி.மீ. தடிமன்தான், ஆனால் அதன் மேல்பரப்பு நீரை விடாது. உள்ளே இருக்கும் பலகையோ பஞ்சு மாதிரி. மேடை முழுக்க மைக்கா மூடியிருக்க, சிங்க் ஓட்டையைச் சுற்றி மட்டும் இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பலகை வாய் திறந்து நிற்கிறது. சிலிகானில் ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் நீர் உதட்டுக்கு அடியில் தவழ்ந்து அந்த வாயைச் சேரும்.

அதன்பிறகு கேடு தானாகவே வளரும். பலகை நனைந்து தடிக்கும், தடித்த பலகை உதட்டை மேலே தூக்கும், தூக்கியதில் சிலிகான் பிய்ந்து இன்னும் அதிக நீர் இறங்கும். ஆகவே மேலே தெரியும் சிலிகானை இரண்டாவது காவலாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் காவல், சிங்க்கை வைப்பதற்கு முன்பே வெட்டு விளிம்பை அடைப்பது. ஆள் வைத்துச் செய்யும்போது பெரும்பாலும் விட்டுப்போவது இந்த வேலைதான். சிங்க் உட்கார்ந்துவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது, யாரும் கேட்பதும் இல்லை.

எந்த மாதிரி சிங்க் வாங்க வேண்டும்?

மேலிருந்து இறக்கி உதடு மேடைமேல் படியும் வகை மட்டும். மேடைக்கு அடியில் தொங்கவிடும் வகை கிரானைட்டுக்கு உரியது. அதை மைக்கா மேடையில் போட்டால் வெட்டு விளிம்பு நாள்தோறும் நேரடியாக நனையும், எந்தப் பூச்சும் நிற்காது.

304 தரத்து எஃகு போதும். பெட்டியைக் கடையிலேயே திறந்து மூன்றைப் பாருங்கள். உதட்டின் அடியில் கிளிப் (சிங்க்கைக் கீழிருந்து மேடையோடு இழுத்துப் பிடிக்கும் கொக்கி) மாட்டும் தகட்டுப் பட்டை இருக்கிறதா, கிளிப்கள் உள்ளனவா, தொட்டியின் அடிப்புறத்தில் சாம்பல் அல்லது கறுப்பு நிறப் பூச்சு இருக்கிறதா? நம் பக்கத்தில் பெரும்பாலான சிங்க் கிரானைட்டுக்குப் போவதால் கிளிப் இல்லாமலே விற்கப்படுவதுண்டு. மைக்கா மேடைக்குக் கிளிப் அவசியம். 24க்கு 18 அங்குல சிங்க்குக்கு 8 முதல் 12 வரை தேவைப்படும். அடிப்பூச்சு எதற்கு என்பது கீழே ‘கசிவா, வியர்வையா’ என்ற கேள்வியில் வருகிறது.

உதட்டைக் கண்ணாடி மாதிரி சமமான பரப்பில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். ஒரு மூலை 2 மி.மீ.க்கு மேல் தூக்கி நின்றால் வேறு கேளுங்கள். முறுக்கிய உதட்டைக் கிளிப் இழுத்துப் பிடிக்கும், சிலிகானோ நாளெல்லாம் அந்த இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கும்.

மேடைப் பலகை எதுவாக இருந்தால் நல்லது?

ஐ.எஸ். 710 முத்திரை கொண்ட மரைன் பிளைவுட், 18 அல்லது 19 மி.மீ. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்.பும் இந்த மலையில் சிங்க் இருக்கும் துண்டுக்கு வேண்டாம். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் வெட்டு விளிம்பு அடைப்பை இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள். மரைன் பிளைவுட் என்பதால் நனையாது என்று நினைக்க வேண்டாம். அதன் பசை நீரில் பிரியாது, அவ்வளவுதான். மரம் ஈரத்தைக் குடிக்கும், கறுக்கும், நாளடைவில் மைக்காவைக் கைவிடும்.

ஓட்டை வெட்டும்போது மைக்கா சில்லுச் சில்லாகப் பெயர்கிறதே?

ஜிக்சாவின் (மேலும் கீழும் ஆடி வெட்டும் மின்ரம்பம்) சாதாரண பிளேடு மேல்நோக்கி ஏறும்போதுதான் வெட்டும். அதனால் மேலே உள்ள மைக்கா தூக்கிப் பெயர்கிறது. கீழ்நோக்கி வெட்டும் பிளேடு கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நெருக்கமான பல் உள்ள பிளேடு போட்டு, கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, முதலில் கத்தியால் மைக்காவைக் கீறிவிட்டு வெட்டுங்கள். ஜிக்சாவின் அடித்தகட்டிலும் டேப் ஒட்டினால் மேடையில் கீறல் விழாது.

நான்கு மூலையிலும் முதலில் 12 மி.மீ. துரப்பண ஓட்டை போட்டு, அவற்றை இணைத்து வெட்ட வேண்டும். கூரான உள்மூலை விட்டால் அங்கிருந்து மைக்கா மேடையின் குறுக்கே விரிசல் விடும். இந்த விரிசல் அன்றைக்குத் தெரியாது, சில மாதம் கழித்துத்தான் தெரியும். கடைசி அங்குலம் வெட்டும்போது நடுத்துண்டைக் கீழிருந்து ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். அது தன் எடையில் தொங்கி விழுந்தால் ஒரு பிடி மைக்காவையும் கிழித்துக்கொண்டுதான் போகும்.

அளவு விஷயத்தில் பெட்டியில் வரும் காகித வார்ப்பை (வெட்ட வேண்டிய அளவு வரைந்த தாள்) நம்புங்கள், ஆனால் வெட்டுவதற்கு முன் சிங்க்கின் மேலேயே வைத்து ஒப்பிட்டுவிடுங்கள். வார்ப்பு இல்லையென்றால் சிங்க்கைக் கவிழ்த்து வெளி ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, கிளிப் பட்டைக்கு வெளியே 2, 3 மி.மீ. தள்ளி வெட்டுக்கோடு வரும்படி உள்வாங்குங்கள். உதடு எல்லாப் பக்கமும் குறைந்தது 8 மி.மீ. மேடையில் படிய வேண்டும். முன்விளிம்புக்கும் ஓட்டைக்கும் நடுவே 5 செ.மீ. விடுங்கள். பின்சுவர்ப் பக்கமும் அப்படியே, இல்லாவிட்டால் துணி போட்டுத் துடைக்கக்கூட இடம் இருக்காது.

வெட்டு விளிம்பை எதைக் கொண்டு, எப்படி அடைப்பது?

நன்றாக நிற்பவை மூன்று. முதலாவது, இரண்டு பாகமாக வரும் எபாக்ஸி. கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் 10 டிகிரிக்குக் கீழே போனால் பல எபாக்ஸிகள் இறுகாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அறையைச் சூடாக வைக்க முடியாவிட்டால் தவிர்க்கலாம். இரண்டாவது, பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷ். எங்கள் பரிந்துரை இதுதான், ஏனென்றால் முதல் பூச்சை நீர்த்தாக அடித்தால் மரத்துக்குள் ஊறிப் போகும். மூன்றாவது, சிலிகானையே தகட்டுக் கத்தியால் துளைகள் நிரம்பத் தேய்ப்பது. நேரமில்லாதவர்களுக்கு இது உதவும். ஆனால் பிறகு அதன்மேல் வேறு எந்தப் பூச்சும் ஒட்டாது.

வார்னிஷ் முறை இப்படி. 120 எண் உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்து, தூசியைத் தூரிகையால் தட்டி, உலர்ந்த துணியால் துடையுங்கள். முதல் பூச்சில் பத்தில் ஒரு பங்கு அதற்குரிய தின்னர் கலந்து, மரம் குடிக்கும்வரை கொடுங்கள். அடுத்த இரண்டு பூச்சும் கலக்காமல். சமவெளியில் ஆறு மணி நேரத்தில் அடுத்த பூச்சுக்குப் போகலாம் என்பார்கள். இங்கே ஒரு ராத்திரி விடுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழாதபோதுதான் அடுத்தது. 100 மி.லி. டப்பா ஒரு சிங்க்குக்குப் போதும்.

விளிம்போடு நிறுத்திவிடாமல், மேடையின் அடிப்புறத்திலும் ஓட்டையைச் சுற்றி 5 செ.மீ. அகலத்துக்குப் பூசுங்கள். அடிப்பக்கத்தில் மைக்கா ஒட்டியிருக்காது, சிங்க்கின் வியர்வை (குளிர்ந்த எஃகில் காற்றிலிருந்து படியும் நீர்) முதலில் படுவது அங்கேதான். மேடையில் குழாய்க்கு 35 மி.மீ. ஓட்டை போட்டிருந்தால் அதன் உள்சுவருக்கும் அதே மூன்று பூச்சு. பெயிண்ட் பிரைமர், எமல்ஷன், சாதாரண வெள்ளை மரப்பசை ஆகியவை இந்த வேலைக்கு உதவாது. ஈரம் தொடர்ந்து பட்டால் அவை இளகிவிடும்.

மழைக்காலத்தில் இந்த வேலையைச் செய்யலாமா?

தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடு இருக்கும் இடத்தில் மரம் தன்னுள் சுமார் 12 விழுக்காடு ஈரம் வைத்துக்கொள்ளும். ஈரப்பதம் 80 ஆனால் அது 16ஐத் தொடும், 90 ஆனால் 20ஐ நெருங்கும். ஈரமான பலகையைப் பூசி மூடினால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழிதேடி பூச்சை உரிக்கும்.

ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழை பலமாக இருக்கும். குன்னூரும் கோத்தகிரியும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழையில் நனையும். இரு பக்கத்துக்கும் பொதுவாக நல்ல காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுவரை. மழைக்காலத்தில் செய்தே ஆக வேண்டும் என்றால், ஓட்டை வெட்டியபின் இரண்டு நாள் கீழ் அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, ரூம் ஹீட்டரை ஓரடிக்கு மேல் தள்ளி நிறுத்தி, பகலில் மிதமான சூடு காட்டுங்கள். ஆள் இல்லாதபோது ஹீட்டர் எரியக் கூடாது. அவசரப்பட்டு ஹாட் ஏர் கன் காட்டினால் மைக்காவை ஒட்டிய பசை இளகி, ஓட்டையின் ஓரம் குமிழ்விடும்.

எந்த சிலிகான்?

டியூபில் மூன்று விவரம் பாருங்கள். நியூட்ரல் வகையாக, அதாவது இறுகும்போது அமிலம் விடாததாக இருக்க வேண்டும். சானிட்டரி அல்லது பூஞ்சை எதிர்ப்பு என்று எழுதியிருக்க வேண்டும். காலாவதி நாள் தாண்டியிருக்கக் கூடாது. பழைய டியூபில் உள்ள சிலிகான் வெளியே வழக்கம்போலத் தோன்றும், ஆனால் எத்தனை நாளானாலும் முழுசாக இறுகாது.

வினிகர் வாசனை அடிக்கும் அசிட்டிக் வகை விலை குறைவு, எஃகிலும் மைக்காவிலும் ஒட்டவும் செய்யும். ஆனால் இறுகும்போது வெளியாகும் அமிலம் துத்தநாகம் பூசிய கிளிப்களைத் துருப்பிடிக்க வைக்கும், சுவர்ப்பக்கம் சிமெண்டில் பிடிப்பு விட்டுவிடும். அக்ரிலிக் சீலண்ட் என்று கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள், அது சுவர் விரிசலுக்கானது. நிறம் உங்கள் விருப்பம். எஃகோடு சாம்பல் நிறம் ஒத்துப்போகும். கண்ணாடி நிறத்தில் அடியிலுள்ள அழுக்கெல்லாம் தெரியும்.

ஒரு டியூப் போதுமா?

போதும். கணக்கு இதோ. 24க்கு 18 அங்குல சிங்க்கின் சுற்றளவு 84 அங்குலம், அதாவது 2.13 மீட்டர். 6 மி.மீ. தடிமனில் ஒரு சுற்று விட்டால் 60 மி.லி. செலவாகும். வெளி ஓரத்தைச் சீராக்க 15, 20 மி.லி. மேடையும் பின்சுவரும் சேரும் மூலையில் இரண்டு மீட்டர் ஓட்டினால் இன்னும் 35 மி.லி. வீணாவதைச் சேர்த்தாலும் 280 மி.லி. டியூபில் பாதி மிச்சமிருக்கும். மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கு என்று பத்திரப்படுத்த வேண்டாம், மூக்கிலேயே இறுகிவிடும்.

சிங்க்கோடு ஒரு ஃபோம் பட்டை வந்திருக்கிறது. அதையும் ஒட்டி சிலிகானும் போட வேண்டுமா?

ஒரு சிறு துண்டைக் கிள்ளி நீரில் அமுக்கிப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் அது பஞ்சு, தூக்கிப் போட்டுவிட்டு முழு சிலிகான் படுக்கை போடுங்கள். நீரைக் குடிக்காத அடர்த்தியான பட்டை என்றால் பயன்படுத்தலாம். அப்போது பட்டை உள்பக்கம், சிலிகான் அதற்கு வெளியே உதட்டின் ஓரத்தை ஒட்டி. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பட்டை நசுங்காது, சிலிகானும் ஒட்டாது. தயாரிப்பாளர் தாளில் பட்டை கட்டாயம் என்று இருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

பதிக்கும் நாளில் என்ன வரிசை?

காலை பதினொன்றுக்கு முன் தொடங்காதீர்கள். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஃகின்மேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும், அதன்மேல் வைத்த சிலிகான் பிறகு நாடாபோல உரிந்து வரும். சிங்க்கை முந்தைய இரவே சமையலறைக்குள் கொண்டுவந்து வையுங்கள். டியூபை வெதுவெதுப்பான நீர் உள்ள வாளியில் அரை மணி நேரம் நிறுத்தினால் டியூபை மாட்டிப் பிதுக்கும் கன்னை இழுக்க இலகுவாக இருக்கும். அடுப்புப் பக்கம் காட்ட வேண்டாம்.

முதலில் சிலிகான் இல்லாமல் சிங்க்கை இறக்கி, நேராக நிறுத்தி, உதட்டின் வெளி ஓரத்தை மேடையில் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். கீழே கிளிப் போகும் இடங்கள் தடையில்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அலமாரியின் நடுப்பலகை குறுக்கே நின்றால் இப்போதே வெட்டிக்கொள்ளலாம். சிங்க்கை வெளியே எடுத்து, வேஸ்ட் கப்ளிங்கையும் (தொட்டியின் வடிகால் ஓட்டையில் மாட்டும் இணைப்பு), சிங்க்கிலேயே பொருத்தும் குழாய் என்றால் அதையும் வெளியிலேயே மாட்டிவிடுங்கள். பதித்த பிறகு அடியில் படுத்துக்கொண்டு முறுக்கினால் சிங்க் நகர்ந்து ஈரச் சிலிகான் கலைந்துவிடும்.

பென்சில் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். உதட்டின் மேல்புறத்திலும் அதே அளவு உள்ளே தள்ளி ஒட்டுங்கள். உதட்டின் அடியையும் மேடையையும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள், துணியில் அழுக்கு வராதவரை. புது எஃகில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும், அது சோப்பில் முழுசாகப் போகாது.

டியூப் மூக்கை 45 டிகிரி சாய்வாக, 6 மி.மீ. வாய் வரும்படி வெட்டுங்கள். சிலிகானை மேடைமேல் விடுங்கள், சிங்க்கில் வேண்டாம். பென்சில் கோட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவில், அறுபடாத ஒரே கயிறாக. பின்பக்க நடுவில் தொடங்கி, அங்கேயே 2 செ.மீ. மேலேறி முடியுங்கள். மூலைகளில் சற்றுக் கூடுதலாக. இருவர் சேர்ந்து சிங்க்கை நேராக மேலிருந்து இறக்குங்கள். சாய்த்து வழுக்கி இறக்கினால் ஒரு பக்கத்துச் சிலிகான் முழுவதும் ஓட்டைக்குள் சுருண்டு விழும். உள்ளங்கையால் சுற்றிலும் அழுத்தினால் எல்லாப் பக்கமும் மெல்லிய கோடாகச் சிலிகான் பிதுங்கி வர வேண்டும். எங்காவது பிதுங்காமல் இருந்தால் அந்த இடம் வெறுமை. தூக்கிச் சேர்த்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

கிளிப்பை எவ்வளவு முறுக்குவது?

கையால் எல்லாவற்றையும் தொடும்வரை முறுக்கிவிட்டு, பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி அரைச் சுற்று. அதோடு நிறுத்துங்கள். உதட்டுக்கும் மேடைக்கும் நடுவே ஒரு மி.மீ. சிலிகான் மிச்சம் இருக்க வேண்டும். இழுபட்டு மீளப்போவது அந்த ஒரு மி.மீ.தான். பலம் உள்ளவரை முறுக்கினால் எல்லாச் சிலிகானும் பிதுங்கி, எஃகும் மைக்காவும் நேராக உரசும். இறுகிய பிறகு மீண்டும் வந்து முறுக்கவும் கூடாது, பிடிப்பு அறுந்துவிடும். 18 மி.மீ. பலகைக்குச் சில கிளிப் எட்டாமல் தொங்கும். அப்போது அடியில் பிளைவுட் துண்டு வைத்துத் தடிமன் ஏற்றுங்கள், அந்தத் துண்டுக்கும் வார்னிஷ் பூசி.

சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து வழிப்பது சரியா?

சரி, ஆனால் சிலிகான் எல்லா இடத்திலும் விழுந்து முடிந்த பிறகு மட்டும். சோப்புநீர் பட்ட இடத்தில் புதுச் சிலிகான் ஒட்டாது. பள்ளம் இருந்தால் முதலில் நிரப்பி, பிறகு ஒரே இழுப்பில் வழித்து, சிலிகான் ஈரமாக இருக்கும்போதே டேப்பை 45 டிகிரியில் உரியுங்கள். தோல் படிந்தபின் உரித்தால் ஓரம் பிசிறடிக்கும்.

கோயம்புத்தூரில் ஒரே நாளில் தண்ணீர் விடுகிறார்கள். இங்கே எத்தனை நாள்?

மூன்று நாள். குளிர்காலத்தில் நான்கு. இதற்குப் பின்னாலுள்ள காரணம் பலருக்கும் வியப்பாக இருக்கும். சிலிகான் காய்வதில்லை, காற்றிலுள்ள நீராவியை எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது. மலையில்தான் ஈரம் ஜாஸ்தியாயிற்றே, சீக்கிரம் இறுக வேண்டாமா என்று தோன்றும். குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. 30 டிகிரியில் ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 15 கிராம் நீர் இருக்கும். 10 டிகிரியில் ஈரப்பதம் 90 என்றாலும் 8.5 கிராம்தான். சுவர் நனைந்து நிற்கும் ஊட்டிச் சமையலறையில், சிலிகானுக்குக் கிடைக்கும் நீர் கோவையில் கிடைப்பதில் பாதியை ஒட்டித்தான். அதோடு குளிரில் வேதிவினையும் மெதுவாகும்.

23 டிகிரியில் ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ. ஆழம் இறுகும் என்பது டியூபில் இருக்கும் கணக்கு. உதட்டுக்கு அடியில் சிலிகான் படுக்கை 10 மி.மீ. அகலம் இருக்கும், காற்று பக்கவாட்டில் மட்டும்தான் நுழையும். மேல் ஓரம் ரப்பராகிவிட்டாலும் நடுப்பகுதி ஒரு வாரம் வரை பசையாக இருக்கலாம். ஆகவே மூன்று நாள் கழித்துக் கைகழுவ, பாத்திரம் அலச விடலாம். குக்கரை நிரப்பி வைப்பது, கஞ்சி வடிப்பது எல்லாம் ஒரு வாரம் கழித்து. அந்த நாட்களில் அலமாரிக் கதவு திறந்தே இருக்கட்டும்.

சிங்க்குக்கு அடியில் ஈரமாக இருக்கிறது. கசிவா, வியர்வையா?

மலைவீடுகளில் பலர் கசிவு என்று பிரித்துப் போடுவது உண்மையில் வியர்வையாக இருக்க வாய்ப்புண்டு. சமையலறை 18 டிகிரி, ஈரப்பதம் 85 என்றால், 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். மொட்டைமாடித் தொட்டியில் இரவெல்லாம் குளிர்ந்த நீர் 10, 12 டிகிரியில் சிங்க்கில் விழும்போது தொட்டியின் அடிப்புறம் முத்துமுத்தாக வியர்க்கும். இட்லிப் பானையும் அப்போது கொதித்துக்கொண்டிருந்தால் சொட்டவே செய்யும். அடிப்பூச்சு உள்ள சிங்க் இதைப் பெருமளவு குறைக்கும்.

பிரித்தறிய ஒரு வழி. அடிப்புறத்தை நன்றாகத் துடைத்து, அலமாரித் தரையில் செய்தித்தாள் விரியுங்கள். வேஸ்ட்டை மூடி, சிங்க்கில் பாதி நீர் நிரப்பி, நாலைந்து சொட்டு துணிக்குப் போடும் சொட்டு நீலம் கலந்து அரை மணி நேரம் விடுங்கள். தாளில் நீலம் விழுந்தால் கப்ளிங் கசிகிறது. நிறமற்ற துளிகள் தொட்டியின் அடியில் பரவலாக நின்றால் வியர்வை. எதுவும் இல்லையென்றால் நீரை வடித்துவிட்டு, ஒரு டம்ளர் நீலத் தண்ணீரை உதட்டைச் சுற்றி மெதுவாக ஊற்றி, டார்ச் அடித்து வெட்டு விளிம்பைப் பாருங்கள். கப்ளிங்கும் உதடும் சரியாக இருந்தும் சொட்டினால் குழாயின் அடிப்பாகத்தையும், வேஸ்ட் பைப் இணைப்பையும் பாருங்கள். நீலத்தைக் கையோடு துடைத்துவிடுங்கள், வெளிர் மைக்காவில் ஊற விட்டால் கறை நிற்கும்.

வேஸ்ட் கப்ளிங்கிற்கும் சிலிகான் வேண்டுமா?

மேல் தட்டுக்கு அடியில் மெல்லிய ஒரு சுற்று போதும். கீழே ரப்பர் வாஷர் உலர்ந்தே இருக்கட்டும். சிலிகான் பூசினால் முறுக்கும்போது வழுக்கிப் பிதுங்கி வெளியே வந்துவிடும். கைமுறுக்கோடு கால் சுற்று. வேஸ்ட் பைப்புக்கு மீட்டருக்கு 25 மி.மீ. சாய்வு. எலி வரும் வீடுகளில் சுருள் பைப் கடிபடும், கெட்டி பி.வி.சி. போட்டுவிடுங்கள்.

பழைய சிலிகான்மேலேயே இன்னொரு கோடு இழுத்தால் கசிவு நிற்குமா?

நிற்காது. இறுகிப் பழகிய சிலிகானில் எதுவும் ஒட்டாது, புதுச் சிலிகானும் ஒட்டாது. பிளாஸ்டிக் சுரண்டியால் முழுவதும் எடுத்து, மிச்சத்தை டர்பன்டைன் துணியால் தேய்த்து, கடைசியில் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். சிங்க் ஆடினால் கிளிப்பைக் கழற்றித் தூக்கிவிடுவதே நேர்மையான வேலை. அப்போது வெட்டு விளிம்பையும் பார்த்துவிடலாம்.

ஓரத்தில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கிறது.

மேலாக இருந்தால் நீர்த்த ப்ளீச்சை ஐந்து நிமிடம் தொட்டு வைத்து நன்றாக அலசுங்கள். அதிக நேரம் விட்டால் எஃகில் புள்ளி விழும். வினிகர், ஆசிட் எதையும் ப்ளீச்சோடு சேர்க்கக் கூடாது, நச்சுவாயு வரும். சிலிகானுக்குள்ளேயே கறுத்திருந்தால் எடுத்து மாற்றுவதுதான் வழி. இரவு கடைசிப் பாத்திரம் கழுவியதும் உதட்டோரத்தை உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் பூஞ்சை வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

மேடை ஏற்கெனவே உப்பிவிட்டது. காயவைத்தால் அமுங்குமா?

பிளைவுட் ஓரளவு அமுங்கும். பார்ட்டிக்கிள் போர்டு அமுங்காது. அழுத்தி வைத்திருந்த மரத்தூள் பசையை விட்டு விரிந்துவிட்டால் திரும்பிப் போகாது. உப்பல் உதட்டைத் தாண்டி ஓரிரு செ.மீ.தான் என்றால், சிங்க்கை எடுத்து, ஒரு வாரம் உலரவிட்டு, நைந்த பகுதியை வெட்டி, அடியில் மரைன் பிளைவுட் பட்டை திருகி, அதை மறைக்கும் அளவு பெரிய சிங்க் போடலாம். புது உதடு பழுதில்லாத மைக்காவில் படிய வேண்டும் என்பதுதான் அளவுகோல். விரலால் குத்தினால் உள்ளே போகும் அளவுக்கு நைந்திருந்தால் அந்தத் துண்டு மேடையை மாற்றிவிடுங்கள்.

வேலைக்கு ஆள் வருகிறார். கூடவே நிற்க முடியாது. எதை மட்டும் பார்த்தால் போதும்?

ஓட்டை வெட்டிய அன்று சிங்க் பதிக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். வார்னிஷ் அடித்த வெட்டு விளிம்பை, மூலைகள் உட்பட, போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் வந்து நீங்கள் சரி என்ற பிறகு அவர் சிலிகான் டியூபைத் திறக்கட்டும்.